வெளிநோயாளர் பிரிவில் ஓர் அறை: மும்பையின் ‘திலாசா’ மையங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவேடுகளைப் புரட்டினால், ‘தவறுதலாக விஷம் அருந்தியவர்’ என்ற குறிப்பு அடிக்கடி கண்ணில் படும். எறும்புப் பொடியையோ எலி மருந்தையோ தரை கழுவும் திராவகத்தையோ தவறுதலாகக் குடித்ததாக எழுதப்பட்டிருக்கும் அந்தப் பெண்களில் கணிசமானோர் இளம் வயதினர், மணமானவர்கள். தற்கொலை முயற்சி இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்த காலத்தில் இந்தக் குறிப்பு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. குடும்பத்துக்குப் போலீஸ் விசாரணை இல்லை. மருத்துவருக்கு நீதிமன்ற அலைச்சல் இல்லை. அந்தப் பெண்ணுக்கும், ஏற்கெனவே பட்ட அவமானத்தோடு குற்றவாளி என்ற பெயர் சேராமல் தப்பித்தோம் என்ற நிம்மதி. வயிற்றைக் கழுவி, சொட்டு மருந்து ஏற்றி, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் திரும்பிப் போவது எந்த வீட்டுக்கு என்று கேட்பதற்கு மருத்துவமனையில் யாரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

மும்பை மாநகராட்சியின் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘திலாசா’ என்ற மையம், அந்தக் கேள்வியைக் கேட்பதைப் பொதுச் சுகாதாரத் துறையின் வேலையாக ஆக்க முயன்ற முதல் இந்திய முயற்சிகளுள் முக்கியமானது. திலாசா என்ற இந்துஸ்தானிச் சொல்லுக்கு ஆறுதல், தேற்றுதல் என்று பொருள். சட்டம், காவல் நிலையம், குடும்ப நீதிமன்றம், தொண்டு நிறுவனங்கள் என்று பல வாசல்கள் திறந்திருந்த ஒரு பெருநகரத்தில், மருத்துவமனைக்குள் இன்னொரு வாசல் ஏன் தேவைப்பட்டது, அது எவ்வாறு இயங்குகிறது, வேறு இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது அதில் எது நிலைத்தது, எது தேய்ந்தது என்பவற்றை இந்த ஆய்வு பார்க்கிறது.

சட்டம் முதலில் திறந்த வாசல்கள்

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை இந்திய அரசு முதலில் குற்றவியல் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தது. வரதட்சிணைச் சாவுகளுக்கு எதிராகப் பெண்கள் இயக்கங்கள் நடத்திய போராட்டங்களின் விளைவாக 1983இல் கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமைக்கான 498அ பிரிவும், 1986இல் வரதட்சிணை மரணத்துக்கான 304ஆ பிரிவும் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாடு 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தது. இவை எல்லாமே அவசியமான ஏற்பாடுகள்தாம் என்றாலும், ஒரு பெண் தன் கணவனைக் குற்றம் சாட்டப்பட்டவராக நிறுத்தத் துணிந்த பிறகே இவை அவளுக்குப் பயன்படத் தொடங்கின. அந்தத் துணிவுக்கு முன்னால் கழியும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கொள்கையில் இடம் இருக்கவில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் உரிமையியல் தன்மை கொண்டது. அடி, உதை மட்டுமின்றிப் பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் துன்பம், பணத்தை முடக்கிவைத்தல் ஆகியவற்றையும் வன்முறை என வரையறுத்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுத்தது. நம் ஆய்வுக்கு முக்கியமானது அதன் 7ஆம் பிரிவு. பாதிக்கப்பட்ட பெண்ணோ அவள் சார்பில், இச்சட்டப்படி அவளுக்கு உதவ அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால், மருத்துவ நிலையத்தின் பொறுப்பாளர் அவளுக்கு மருத்துவ உதவி வழங்கியாக வேண்டும் என்று அது கூறுகிறது. வன்முறையின் விவரங்களை எழுதும் படிவமான குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, அறிக்கை அதுவரை எழுதப்படவில்லையென்றால் மருத்துவமனையே அதை எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

காகிதத்தில் இது போதுமானதாகத் தோன்றும். ஆனால் பிரிவின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால், கடமை பிறப்பதே பெண் கேட்டபிறகுதான் என்பது தெரியும். கேட்காதவளிடம் மருத்துவமனை கேட்க வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. 2019–21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 14 சதவீதத்தினர் மட்டுமே யாரிடமாவது உதவி நாடியிருக்கிறார்கள். அந்த 14இலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்கு. மீதிப் பேர் கேட்காதவர்கள். சட்டத்துக்கு ஐந்தாண்டுகள் முன்பே தொடங்கிய திலாசாவின் சிந்தனை இந்தக் கேட்காதவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறது.

பாந்த்ரா

திரைநட்சத்திரங்களின் கடலோர மாளிகைகளால் வெளியுலகுக்குத் தெரிந்த பாந்த்ராவில், ரயில் பாதையை ஒட்டியும் கழிமுகத்தை ஒட்டியும் நெருக்கமான குடிசைப் பகுதிகள் உள்ளன. அங்குள்ளவர்கள் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் வந்து நிற்கும் இடம் பாபா மருத்துவமனை. அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்ல. மாநகராட்சி தன் கணக்கில் ‘புறநகர் மருத்துவமனை’ என்று வகைப்படுத்தும் இரண்டாம் நிலை நிறுவனம். ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற கே.இ.எம்., சயான் போன்ற பெரிய மருத்துவமனைகளை விட்டு இங்கே தொடங்கியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய மருத்துவமனையில் சாதித்துக் காட்டுவதைச் சிறிய இடங்களில் திரும்பச் செய்ய முடியாது என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று.

இந்த முயற்சியில் மாநகராட்சியின் பொதுச் சுகாதாரத் துறையோடு கைகோத்தது செஹத் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு மையம். 1994இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம், இந்தியில் உடல்நலத்தைக் குறிக்கும் சொல்லாகவே ஒலிக்கும். வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக உலக சுகாதாரப் பேரவை 1996இல் அறிவித்திருந்தது. மலேசியாவின் அரசு மருத்துவமனைகளில், அவசரப் பிரிவை ஒட்டியே மருத்துவம், ஆலோசனை, காவல் துறைத் தொடர்பு ஆகியவற்றை ஓரிடத்தில் தரும் மையங்கள் 1990களின் நடுப்பகுதியிலேயே செயல்படத் தொடங்கியிருந்தன. இந்த முன்னுதாரணங்கள் கைவசம் இருந்தபோதும், மும்பையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவுதான் பின்னால் நடந்த அனைத்தையும் தீர்மானித்தது. மருத்துவமனை வளாகத்தில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் மேசையாக இல்லாமல், எலும்பு முறிவுப் பிரிவும் மகப்பேறுப் பிரிவும் இருப்பதுபோல, மருத்துவமனையின் சொந்தத் துறையாகத் திலாசா அமைய வேண்டும் என்பதே அந்த முடிவு.

இதன் பொருள் நிர்வாகம் அறிந்தவர்களுக்கு உடனே புரியும். தொண்டு நிறுவனத்தின் மேசையை அடுத்த கண்காணிப்பாளர் அகற்றிவிடலாம். அறைக்கு வேறு தேவை வந்தால் முதலில் காலியாவது அதுதான். துறை என்று ஆகிவிட்டால் அதற்கு எண் உண்டு, வெளிநோயாளர் சீட்டில் பரிந்துரை எழுதும் வழக்கம் உண்டு, மாதாந்திர அறிக்கையில் ஒரு வரி உண்டு. தொடக்கத்தில் மருத்துவமனைப் பணியாளர்களிலிருந்தே சிலர் இந்தப் பணிக்கு ஒதுக்கப்பட்டனர்; ஆலோசனை வழங்கும் முறையிலும் பயிற்சியிலும் ஆய்வு மையம் துணை நின்றது; சில ஆண்டுகளில் பொறுப்பு மருத்துவமனையிடமே ஒப்படைக்கப்பட்டது. குர்லாவில் உள்ள இன்னொரு பாபா மருத்துவமனையில் இரண்டாவது மையம் அமைந்தது.

பணியாளர்களை இணங்கச் செய்வது எளிதாக நடந்துவிடவில்லை. ‘இது குடும்ப விவகாரம்’, ‘நூறு நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது இதற்கு எங்கே நேரம்’, ‘நாளைக்கு சாட்சி சொல்ல நீதிமன்றம் போகச் சொல்வார்கள்’ என்ற மூன்று பதில்களும், இந்தியாவில் எந்த அரசு மருத்துவமனையில் இந்தப் பேச்சை எடுத்தாலும் கேட்கக் கிடைப்பவை. இவற்றை மெத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. மருத்துவக் கல்வியில் வன்முறை என்பது சட்ட மருத்துவப் பாடத்தின் காய வகைப்பாடாகவே கற்பிக்கப்பட்டது. வெட்டுக்காயம், சிராய்ப்பு, கன்றிய காயம் என்று பிரித்தறியத் தெரிந்தவருக்கு, அதை ஏற்படுத்தியவனோடு அந்தப் பெண் இன்றிரவு எப்படி உறங்கப் போகிறாள் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. செவிலியர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களில் சிலர் அதே அடியை வாங்கிவிட்டு, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பணிக்கு வருபவர்கள். ஆகவே, வெளியாட்களை அழைத்து ஒருநாள் சொற்பொழிவு நிகழ்த்தும் வழக்கமான முறையை விட்டு, மருத்துவமனை ஊழியர்களிலிருந்தே பயிற்சியாளர்களை உருவாக்கி, மருத்துவர், செவிலியர், வார்டுப் பணியாளர் என்று எல்லா நிலையினருக்கும் தொடர்ச்சியாகப் பயிற்சி தரும் வழி பின்பற்றப்பட்டது. நோயாளியின் கட்டிலருகே அதிக நேரம் நிற்பவர் மருத்துவர் அல்லர், ஆயாதான் என்பதை இந்த ஏற்பாடு கணக்கில் எடுத்துக்கொண்டது.

அறைக்குள் நடப்பது

ஒரு பெண் கையில் வீக்கத்தோடு அவசரப் பிரிவுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்கிறாள். கணவன் அருகில் நிற்கிறான், கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவனே பதில் சொல்கிறான். காயம் முன்கையின் வெளிப்புறத்தில் இருக்கிறது, அடியைத் தடுக்கக் கை உயர்த்தியவருக்கு ஏற்படும் இடத்தில். பயிற்சி பெற்ற செவிலியர் செய்ய வேண்டிய முதல் காரியம், ஊசி போடவோ படம் எடுக்கவோ என்று சொல்லி அவளைத் தனியே அழைத்துச் செல்வது. இரண்டாவது, தீர்ப்புச் சொல்லாத குரலில் நேரடியாகக் கேட்பது. மறுத்தால் வற்புறுத்துவதில்லை, இப்படி ஒரு அறை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி விடுவது. அவசரப் பிரிவில் மட்டுமன்றி, அடுத்தடுத்துக் கருக்கலைப்புக்கு வருபவர், காரணம் தெரியாத உடல்வலிக்கும் தூக்கமின்மைக்கும் மாதந்தோறும் வருபவர், பாலியல் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றும் மீண்டும் மீண்டும் அதே தொற்றோடு வருபவர் ஆகியோரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியிருக்கிறது.

எல்லாப் பெண்களிடமும் கட்டாயமாகக் கேட்கும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அறிகுறிகள் இருக்கும்போது கேட்க வேண்டும், கேட்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், தனிமை இருக்க வேண்டும், கேட்டபின் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பதே அதன் நிலை. கடைசி நிபந்தனையைத்தான் பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன. படிவத்தில் ‘குடும்ப வன்முறை உண்டா, இல்லையா’ என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பதற்குச் செலவில்லை. ‘உண்டு’ என்று சொன்னவளை எங்கே அனுப்புவது என்பதற்குத்தான் செலவு. அனுப்ப இடமில்லாமல் கேட்பது, சொன்ன பெண்ணை முன்னைவிட ஆபத்தில் தள்ளும்.

திலாசாவில் ஆலோசகர் முதலில் மதிப்பிடுவது உயிராபத்தை. அடியின் கடுமை கூடிவருகிறதா, கழுத்தை நெரித்தானா, கொன்றுவிடுவதாக மிரட்டினானா, அவளுக்குச் சாகும் எண்ணம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் மற்றவை. வீட்டுக்குத் திரும்புவது அன்றிரவு ஆபத்து என்று தோன்றினால், உடல்நிலைக் கண்காணிப்பு என்ற பெயரில் ஒன்றிரண்டு நாள் வார்டிலேயே சேர்த்துக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பயனை, அரசுக் காப்பகங்களின் நிலையை அறிந்தவர்கள்தான் முழுமையாக உணர முடியும். பல காப்பகங்கள் வளர்ந்த ஆண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்ந்துவிட்டால் வெளியே போய் வேலை பார்க்க முடியாது. காவல் துறையின் கடிதம் கேட்பார்கள். மருத்துவமனைக் கட்டிலுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம்.

திரும்பித்தான் போவேன் என்று சொல்லும் பெண்ணுக்குத் தடை சொல்வதில்லை. பெரும்பாலான பெண்கள் கேட்பது மணமுறிவு அல்ல, அடி நிற்க வேண்டும் என்பதே. எனவே பாதுகாப்புத் திட்டம் வகுக்கப்படுகிறது: குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் யாரிடம் கொடுத்து வைப்பது, சண்டை தொடங்கும்போது சமையலறையை விட்டு எப்படி வெளியே வருவது, பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்த அடையாளத்தைக் காட்டுவது என்பவை. தேவைப்பட்டால் கணவனை அழைத்தும் பேசுகிறார்கள். ஆனால் ஊர்ப் பெரியவர்களும் பல காவல் நிலையங்களும் செய்துவைக்கும் ‘சமாதான’த்திலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. அங்கே இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே வன்முறையை நிறுத்துவது பேரத்துக்கு உட்படாத முன்நிபந்தனை. அவள் சமையல் சரியில்லை என்பது அடிக்கு எதிர்வாதமாக ஏற்கப்படுவதில்லை.

பதிவு என்பது மருத்துவமனை மட்டுமே தரக்கூடிய பொருள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க விரும்பாத பெண்ணுக்கும், காயத்தின் அளவு, இடம், நிறம், யார் எதனால் எப்போது தாக்கியதாக அவள் கூறினாள் என்பவை எழுதப்பட்ட சட்ட மருத்துவப் பதிவு மூன்று ஆண்டுகள் கழித்துக்கூட நீதிமன்றத்தில் சாட்சியாகும். நான்கு சுவர்களுக்குள் நடக்கும் குற்றத்துக்கு வேறு சாட்சி இருப்பதில்லை. தற்கொலை முயற்சியைப் பொறுத்தவரை, கடும் மன அழுத்தத்தில் செய்யப்பட்டதாகவே அதைக் கருத வேண்டும் என்று கூறிய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், பழைய 309ஆம் பிரிவைக் கைவிட்டு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் ‘தவறுதலாக’ என்ற சொல்லுக்கான சட்டக் காரணத்தை நீக்கிவிட்டன. பழக்கம் அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை.

சீட்டு என்னும் மறைப்பு

சுகாதாரச் சமத்துவம் என்ற சொல் கொள்கை ஆவணங்களில் நிறைய வருகிறது. இங்கே அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. குடும்ப வன்முறை எல்லா வர்க்கங்களிலும் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் வருமானமும் கல்வியும் குறையக் குறைய அதன் அளவு கூடுவதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் காட்டுகிறது. அதைவிட முக்கியமானது, தப்பிக்கும் வழிகள் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது. வசதியுள்ளவளுக்கு வழக்கறிஞர், தனி மருத்துவர், தன் பெயரில் வங்கிக் கணக்கு, தங்கிக்கொள்ளத் தோழியின் வீடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருக்கக்கூடும். உத்தரப் பிரதேசத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மணமாகி மும்பைக் குடிசைக்கு வந்தவளுக்குத் தாய்வீடு ஒருநாள் ரயில் தூரம். காவல் நிலையத்து மொழி புரியாது. முகவரிச் சான்று கணவன் பெயரில்.

அப்படிப்பட்டவள் வீட்டில் காரணம் சொல்லாமல் போக முடிகிற அரசு அலுவலகம் எது? காவல் நிலையப் படியை மிதித்தால் தெருவே பேசும். நீதிமன்றத்துக்கோ சமூகநலத் துறை அலுவலகத்துக்கோ அவள் போவதை யாராலும் வேறு விதமாக விளக்க முடியாது. மருத்துவமனைக்கு மட்டும் போகலாம். குழந்தைக்கு இருமல் என்று போகலாம், இரும்புச் சத்து மாத்திரை வாங்கப் போகலாம். அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லி வெளிநோயாளர் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டைக் காட்டியே அவள் ஆலோசகரை மீண்டும் சந்திக்கலாம். திலாசாவின் வடிவமைப்பில் ஆகச் சிறந்த அம்சம் இதுவே என்பது என் கருத்து. இது எந்தப் பெரிய கோட்பாட்டிலிருந்தும் வந்ததல்ல, அரசு மருத்துவமனை ஏழைப் பெண்ணின் வாழ்க்கையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கவனித்ததிலிருந்து வந்தது.

மறுபுறம், வன்முறையே உடல்நல ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 16 சதவீதம் அதிகம். மனச்சோர்வு ஏறக்குறைய இரு மடங்கு. கர்ப்பிணிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கும் அரசு, அவள் வயிற்றில் விழும் உதையைக் குறித்துக்கொள்ளாவிட்டால், எடை குறைந்த குழந்தைக்குச் சத்துக் குறைவை மட்டுமே காரணம் காட்டிக்கொண்டிருக்கும்.

பெருக்கும்போது நேர்ந்தவை

ஒரு மருத்துவமனையில் நடந்தது கொள்கையாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் நிதியைக் கொண்டு மும்பையின் மேலும் 11 பொது மருத்துவமனைகளில் திலாசா மையங்கள் அமைந்தபோதுதான், அது சுகாதார வரவுசெலவில் நிலையான தலைப்பைப் பெற்றது. கேரளம் அதற்கு முன்பே ‘பூமிகா’ என்ற பெயரில் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் இதே வழியில் மையங்களைத் தொடங்கியிருந்தது; ஹரியானாவின் மாவட்ட மருத்துவமனைகளில் ‘சுகூன்’ மையங்கள் வந்தன.

இதற்கிடையே ஒன்றிய அரசு 2015 ஏப்ரலில், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து, ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் 181 உதவி எண்ணையும் அறிவித்தது. மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்குமிடம் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம். மருத்துவமனைக்குள்ளோ அதிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்ளோ மையம் அமைய வேண்டும் என்று வழிகாட்டுதல் கூறியது. அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் கோட்பாடு மாறிப்போனது. மருத்துவமனைக்கு வெளியே தனிப் பலகையோடு நிற்கும் கட்டடத்துக்குள் நுழையும் பெண் தன்னைப் பாதிக்கப்பட்டவளாக ஏற்கெனவே அறிவித்துவிட்டவள். கேட்காதவள் அங்கே வருவதில்லை. அதோடு, மையம் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையைச் சேர்ந்தது, மருத்துவர் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். ஒரு துறையின் மருத்துவர் மற்றொரு துறையின் மையத்துக்குப் பரிந்துரைப்பது அவரவர் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாகி விடுகிறது. இரண்டு வகை மையங்களுக்கும் தேவை உண்டு. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று நிதித் துறைகள் முடிவுகட்டுவதுதான் ஆபத்து.

திலாசாவுக்குள்ளும் குறைகள் உண்டு. நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் நிதியில் அமையும் பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பதவிகள். ஒருவரிடம் பலமுறை வந்து, நம்பி, மெல்ல வாய்திறந்த பெண், அந்த ஆலோசகர் மாறிப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுவதால், பயிற்சியை ஒருமுறை நடத்தி முடித்தாயிற்று என்று கோப்பை மூட முடியாது. சங்கிலியின் அடுத்த கண்ணியும் பலவீனமானது. பாதுகாப்பு அலுவலர் பதவி பல மாநிலங்களில் வேறு அலுவலருக்குக் கூடுதல் பொறுப்பாகவே கொடுக்கப்பட்டிருந்தது; மாவட்ட, வட்ட அளவில் அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது, சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆன நிலையில். பெண்ணின் மனுவை அறுபது நாளில் முடிக்க நீதித்துறை நடுவர் முயல வேண்டும் என்ற சட்டத்தின் வாசகத்தை, அந்த வழக்குகளை நடத்துபவர்கள் கசப்பான சிரிப்போடுதான் மேற்கோள் காட்டுவார்கள்.

வெற்றியை அளப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒரு மையத்தில் பதிவுகள் கூடினால் அந்தப் பகுதியில் வன்முறை கூடிவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பதிவு குறைந்தால் குறைந்துவிட்டது என்று அதிகாரிகள் மகிழ்கிறார்கள். இரண்டும் தவறாக இருக்கலாம். பரிந்துரைத்தவர் யார், வன்முறை தொடங்கி எத்தனை ஆண்டுகள் கழித்து அவள் வந்தாள், எத்தனை முறை திரும்ப வந்தாள் என்பவைதான் மையம் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும். எல்லோரும் தாமாகவே தேடி வந்திருந்தால், மருத்துவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றே அதற்குப் பொருள்.

தெற்கே

18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்தியா முழுவதும் 31.2 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்ததாக நான்காவது, ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் அது 40.6இலிருந்து 38.1 ஆகியிருக்கிறது. மகப்பேறு மரணத்தைக் குறைப்பதிலும் மருந்துக் கொள்முதலிலும் பிற மாநிலங்களுக்குப் பாடம் சொல்லும் மாநிலத்தில், வீட்டுக்குள் அடிபடும் பெண்களின் விகிதம் தேசிய சராசரியைவிட இவ்வளவு உயர்ந்து நிற்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கேட்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லும் துணிவு இங்குள்ள பெண்களுக்கு அதிகம் என்பது அவற்றுள் ஒன்று. அது ஓரளவு உண்மையாகவே இருந்தாலும், அப்படித் துணிந்து சொல்பவர்களுக்கு மருத்துவமனையில் யார் காதுகொடுக்கிறார்கள் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வரும் மாநிலம் இது. கேட்பதற்கான சந்தர்ப்பங்கள் மும்பையைவிட இங்கே அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க இலங்கை அருகிலேயே இருக்கிறது. அங்கே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின், அரசு மருத்துவமனைகளில் சுகாதார அமைச்சின் பொறுப்பிலேயே சிங்களத்தில் ‘மித்துரு பியச’ என்றும் தமிழில் ‘நட்பு நிலையம்’ என்றும் பெயரிடப்பட்ட மையங்கள் நடத்தப்படுகின்றன. வன்முறை என்ற சொல்லே பலகையில் இல்லாத அந்தப் பெயர், சீட்டைப் போலவே ஒரு மறைப்பு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வரும் காயங்களுக்கு விபத்துப் பதிவேட்டில் பதிவு உண்டு. மக்கள் வழக்கில் ‘ஏ.ஆர். போடுவது’. பிற்பாடு வழக்கு என்று வந்தால் ‘ஏ.ஆர். காப்பி இருக்கிறதா’ என்பதே வழக்கறிஞரின் முதல் கேள்வி. அந்தப் பதிவேட்டில் நிலைபெற்றுவிட்ட ஒரு வாசக அமைப்பு இருக்கிறது: இன்ன தேதியில், இன்ன நேரத்தில், வீட்டில் வைத்து, ‘தெரிந்த ஒரு நபரால்’ கையால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார். அந்தத் தெரிந்த நபர் யார் என்ற உறவை எழுதுவதற்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை. பல நேரங்களில் அவர், அதே பக்கத்தில் நோயாளியை அழைத்து வந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.